மாறாத வயிற்றுவலிக்குக் காரணம் பிடிபட்டது எப்படி?

ஒருவழியாக என் வயிற்றுவலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது: இயோசினோபில் என்ற வெள்ளையணுக்கள் இரைப்பைச் சுவரில் குவிந்து வரும் அழற்சி, அபூர்வமானது. சாப்பிட்டதும் மேல்வயிறு பிசையும், பாதி ரொட்டியிலேயே வயிறு நிறைந்துவிடும், சில நாள் வாந்தி. எங்கள் ஹட்டன் பக்கம் இதற்கு எல்லாரும் சொல்வது கேஸ்ட்ரைட்டிஸ் (சாதாரண இரைப்பை அழற்சி), ப்ளேன்டியை (பாலில்லாத தேநீரை) குறை, உறைப்பை நிறுத்து. மாதக்கணக்கில் அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போட்டும் அசையவில்லை. வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்த்த முதல் எண்டோஸ்கோபியில் லேசான சிவப்புதான் என்று சதைத்துண்டு எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள்.

கண்டியில் பார்த்த டாக்டர்தான் பழைய இரத்த ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்து ஒரே வரியில் விரல் வைத்தார். இயோசினோபில் மைக்ரோலீட்டருக்கு 500க்குள் இருக்கவேண்டும், எனக்கு ஒவ்வொரு தடவையும் தாண்டியிருந்தது, யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. பூச்சியாலும் அது ஏறும் என்பதால் முதலில் மலப் பரிசோதனை, அப்புறம் மறுபடி எண்டோஸ்கோபி. இந்த நோய் திட்டுத்திட்டாக இருக்குமாம், பார்வைக்கு நன்றாயிருக்கும் இடத்திலும் ஒளிந்திருக்கும், அதனால் பல இடங்களில் கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். நுண்ணோக்கியில் குறைந்தது 5 புலங்களில் (பெரிதாக்கி ஒரு பார்வையில் தெரியும் பரப்பு ஒரு புலம்), ஒவ்வொன்றிலும் 30 இயோசினோபிலாவது தெரிந்தால்தான் இந்த நோய் என்று கணக்கு. எனக்குத் தெரிந்தது.

ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குமுன் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழுவுக்கென்று தனியாக இரத்தம் பார்த்தார்கள். அது உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்து. நல்லவேளை, இல்லை. மாத்திரையில் வலி அடங்கிவிட்டது, இப்போது டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள், சட்டென்று நிறுத்தக்கூடாதாம்.