‘நல்லாத்தானேடா இருக்கேன்’: எம்.எஸ். நோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் எம்.எஸ். என்போம். சொந்தக்காரர்கள் இன்னும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்கிறார்கள். இது தளர்ச்சி இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தடம் மாறி, மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறையைத் தாக்குகிறது. சத்து ஊசி போட்டுத் தேற்றிவிட முடியாது.

எங்கள் தவறுகளில் பெரியது மாத்திரையை நிறுத்தியது. இரண்டாம் வருடம், காலில் மரமரப்பு போய், பார்வை தெளிந்து, அக்கா பழையபடி ஸ்கூட்டர் ஓட்ட ஆரம்பித்திருந்தாள். “நல்லாத்தானேடா இருக்கேன், மாசாமாசம் எதுக்கு இவ்வளவு காசு?” என்றாள். நானும் சரி என்றேன். ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் அவளால் வலது கையில் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. பிறகு கை தேறியது, ஆனால் முழுதாகத் தேறவில்லை. புடவைக்கு ஊக்கு குத்திவிட இன்றும் அம்மா வேண்டும்.

அந்த மாத்திரை இருக்கிற மரமரப்பைப் போக்குவதற்கு அல்ல, அடுத்த தாக்குதலைத் தடுப்பதற்கு. அதனால் சாப்பிடும்போது ‘குணம் தெரிகிறது’ என்று சொல்ல ஒன்றும் இருக்காது. வெளியே எதுவும் தெரியாத நாட்களிலும் எம்.ஆர்.ஐ.யில் புதுப் புள்ளிகள் வருவதுண்டு. ஃபிங்கோலிமோட் போன்ற மருந்தைச் சட்டென்று நிறுத்தினால், தொடங்குவதற்கு முன் இருந்ததைவிட மோசமாகவே நோய் திரும்பலாம். பணம்தான் தடை என்றால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டைமெத்தில் ஃபியூமரேட், டெரிஃப்ளூனமைடு எல்லாம் இங்கே விலை குறைந்த ஜெனரிக் மாத்திரையாகக் கிடைக்கின்றன. நாங்கள் கூச்சப்பட்டுக் கேட்காமலே இருந்துவிட்டோம்.

ஸ்டீராய்டைப் பற்றியும் இதே குழப்பம்தான். தாக்குதல் வந்தால் மெத்தில்பிரெட்னிசலோன் 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் டிரிப்பில் ஏற்றுவார்கள். சீக்கிரம் எழுந்து நடக்க அது உதவும், அவ்வளவுதான். நோயின் போக்கை அது மாற்றாது. ‘டிரிப் போட்டாச்சு, இனி மாத்திரை எதற்கு’ என்று இருந்துவிடாதீர்கள்.

நேர் எதிர்த் தவறு ஒன்றும் உண்டு. மே மாதம் ஒரு நாள் அக்கா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏழாவது தோசையில் இடது கண் மங்கிவிட்டது. கல்லின் விளிம்பு எது, தோசையின் விளிம்பு எது என்று தெரியவில்லை. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிட்டேன். ஆட்டோ வருவதற்குள், ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டு மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பார்வை திரும்பிவிட்டது. உறை உரிந்த நரம்பில் சூடு ஏறினால் செய்தி கடத்துவது தடுமாறும், குளிர்ந்தால் சரியாகும். வில்ஹெல்ம் உத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இலேயே எழுதி வைத்த விஷயம் இது. புதுச் சேதம் எதுவும் அதில் இல்லை.

அப்போ உண்மையான தாக்குதலை எப்படிப் பிரிப்பது? புதிய தொந்தரவோ, பழையது கூடியதோ, 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்து, காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் இருந்தால் உடனே நரம்பியல் டாக்டரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் இருந்தாலோ, சிறுநீர் கழிக்கையில் எரிந்தாலோ முதலில் தொற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு ஏற்றினால் அது கூடிவிடும்.

சிறுநீர்த் தொற்று வர ஒரு காரணம், தண்ணீரைக் குறைப்பது. எம்.எஸ்.ஸில் சிறுநீர் அவசரம் சகஜம். பஸ்ஸில் போகையில் எங்கே இறங்குவது என்று பயந்து, காலையிலிருந்து அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர். சிறுநீர் கெட்டிப்பட்டு எரிச்சல் கூடும், மலச்சிக்கல் வரும். அவசரத்தைக் குறைக்க மருந்து இருக்கிறது. சிறுநீர் முழுதாகப் போகிறதா என்று ஸ்கேனில் பார்க்கவும் முடியும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறோம் என்று சீந்தில், அமுக்கரா பொடிகளை அன்போடு கொண்டுவந்து தருவார்கள். இந்த நோயில் எதிர்ப்பு சக்தி குறைந்துபோகவில்லை, குறி தவறியிருக்கிறது. அதோடு, இவை இரண்டையும் சாப்பிட்டுச் சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது. டெரிஃப்ளூனமைடும் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்துதான். டாக்டருக்குத் தெரியாமல் எதையும் சேர்க்க வேண்டாம். டெரிஃப்ளூனமைடு சாப்பிடும் பெண்கள் குழந்தை வேண்டும் என்று நினைத்தால், முயற்சிக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். அது கருவைப் பாதிக்கும்.

அசதியைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன், இன்றும் உறுத்துகிறது. அதற்காக முழுநாளும் படுக்க வைப்பதும் தவறு. வெயில் ஏறுமுன் கொஞ்சம் நடை, மூட்டுகளை நீட்டி மடக்கும் பயிற்சி எல்லாம் நல்லதே செய்யும்.

இன்னொன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைக் குறைபாடுகளில் எம்.எஸ்.ஸும் உண்டு. வெளியே தெரியவில்லையே என்று சான்றிதழுக்கு விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

டாக்டர் கேட்டதும் எல்லாம் மறந்துபோகிறது என்று, இப்போது ஃபிரிட்ஜ் மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தேதி, என்ன ஆனது, எவ்வளவு நேரம். அக்காவின் இடது கை எழுத்தில் முதல் பக்கம் இப்படி இருக்கிறது: “மே 11. தோசை. இடது கண் மங்கல். 25 நிமிஷம். சரியாயிடுச்சு.”