வகுத்துப் பார்க்காமலே பகா எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

170141183460469231731687303715884105727. இந்த 39 இலக்க எண் பகா எண் என்று 1876-ல் எடுவார்ட் லூக்காஸ் நிரூபித்தார், கணினி இல்லாத காலத்தில். 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் பார்த்திருந்தால் ஏழு பிறவி எடுத்தாலும் முடிந்திருக்காது. அவர் பிடித்த வழியைப் பின்னால் டி. எச். லேமர் எளிமையாக்கினார். அந்த வடிவத்தை ஒரு சின்ன எண்ணில் செய்து பார்ப்போம்.

முதலில் எண்ணின் வடிவம். மேலே உள்ளது 2¹²⁷ − 1. இப்படி 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. அடுக்கு ஒற்றைப் பகா எண்ணாக இருக்க வேண்டும். நாம் 7-ஐ எடுப்போம்: 2⁷ − 1 = 127.

அடுத்து, 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியோடு மறுபடி அதே வேலை. அடுக்கில் இரண்டு குறைத்தால் எத்தனையோ, அத்தனை சுற்று. இங்கே 5.

4 → 14 → 67 → 42 → 111 → 0

கடைசியில் 0 வந்தால் பகா எண். வேறு எது வந்தாலும் இல்லை.

மீதி காண வகுக்கக்கூடத் தேவையில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 67-இன் வர்க்கத்தில் 2 போனால் 4487. அதில் 128 (2⁷, அதாவது 127-ஐவிட ஒன்று கூட) எத்தனை முறை? 35 முறை, மிச்சம் 7. இரண்டையும் கூட்டினால் 42, மீதி வந்துவிட்டது! கடைசிச் சுற்றில் 12319: 128 அதில் 96 முறை, மிச்சம் 31, கூட்டினால் 127, அதாவது 0. இருமத்தில், அதாவது 0, 1 மட்டும் வைத்து எழுதிய எண்ணை ஓரிடத்தில் வெட்டிக் கூட்டுவதுதான் இது. கணினிக்கு அல்வா மாதிரி.

சரி, பகா எண்ணாக இல்லாவிட்டால்? அடுக்கு 11 என்றால் எண் 2047. ஒன்பது சுற்று முடிவில் 1736 நிற்கும். 2047 = 23 × 89 என்பது நமக்குத் தெரியும்; ஆனால் அந்த 1736 காரணிகளைப் பற்றி வாயே திறக்காது. 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று லூக்காஸ் அதே 1876-ல் காட்டிவிட்டார். காரணிகள் 193707721, 761838257287 என்று ஃபிராங்க் நெல்சன் கோல் சொன்னது 1903-ல்.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண்ணான 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, 4,10,24,320 இலக்கம் கொண்டது. அதை உறுதிசெய்யவும் இதே சோதனையைத்தான் ஓட்டினார்கள்.

இப்போது நீங்களே 8191-ஐச் சோதியுங்கள். அடுக்கு 13, சுற்று 11, வெட்டும் எண் 8192. மூன்றாவது சுற்றில் 4870, ஏழாவதில் 36 வர வேண்டும். 4870 வந்து 36 வரவில்லையென்றால் அந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ கணக்கு தப்பியிருக்கும்.