வாலண்டியரிங்குக்கு வெளிநாடு போற அம்மாக்களே, முதல்ல வீட்டு காலண்டர எடுங்க

என் பொண்ணு டிகிரி வாங்குன அன்னைக்கு நான் அங்க இல்ல. 7 மாசம் வாலண்டியர் வேலைக்காக வெளிநாட்டுல இருந்தேன், விழா சரியா அதுக்கு நடுவுல வந்துச்சு. ஒரு வாரம் வந்துட்டு திரும்பி போயிடலாம்னு கிளம்பும்போதே கணக்கு போட்டு வச்சிருந்தேன், ஆனா என் விசா சிங்கிள் என்ட்ரி, அதாவது ஒரு தடவ அந்த நாட்ட விட்டு வெளிய வந்துட்டா அதோட சரி, திரும்ப உள்ள போகணும்னா புதுசா அப்ளை பண்ணனும். என்னை அனுப்புன அமைப்புல "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை வராது" ன்னு வாய்வார்த்தையா சொன்னாங்க, நானும் விசா ஸ்டிக்கர சரியா படிச்சு பாக்காம விட்டுட்டேன். விழாவுக்கு 3 வாரம் இருக்கும்போது தான் தெரிஞ்சுது.

அப்போ என் பொண்ணு போன்ல சொன்னது இன்னும் காதுல இருக்கு. "வரமாட்டேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் மனச தேத்தியிருப்பேன்மா, வர்றேன்னு சொல்லிட்ட பாரு."

அதனால தான் இத எழுதுறேன். போகாதீங்கன்னு சொல்ல வரல, கண்டிப்பா போங்க. எதையும் மிஸ் பண்ணாம போயிட்டு வந்துடலாம்னு மட்டும் நினைச்சுட்டு போகாதீங்க. எத மிஸ் பண்ணுவோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க, அந்த நாளுக்கு சொந்தக்காரங்க யாரோ அவங்ககிட்ட நேரா உக்காந்து சொல்லுங்க, மத்த எல்லாம் அதுக்கு அப்புறம்.

எப்படின்னா, ஒரு பெரிய பேப்பர்ல அடுத்த ஒண்ணரை வருஷத்த மாசம் மாசமா எழுதுங்க. பிறந்தநாள், கல்யாண நாள், பரீட்சை, ரிசல்ட், பட்டமளிப்பு, பெரியவங்களோட செக்கப், யாராவது மாசமா இருந்தா அந்த தேதி, எல்லாத்தையும் குறிங்க. தேதி இல்லாத விஷயங்களும் இருக்கு, அத தனியா ஒரு ஓரத்துல எழுதுங்க. என் பையனுக்கு அப்போ 13 வயசு, குரல் உடையுற சமயம், நான் போகும்போது ஒரு குரல், வரும்போது வேற குரல். இது எந்த காலண்டர்லயும் வராது. பேத்தி முதல் அடி எடுத்து வைக்கிறதும் அப்படித்தான். அப்புறம் வீட்ல ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கூப்பிட்டு "இதுல நான் கண்டிப்பா இருக்கணும்னு நீ நினைக்கிறது எது" ன்னு கேளுங்க. எல்லாரும் சேர்ந்து இருக்கும்போது கேட்டா எல்லாருமே "பரவாயில்ல, நீ போயிட்டு வா" ன்னு தான் சொல்லுவாங்க. நான் என் வீட்டுக்காரரோட 50வது பிறந்தநாள் தான் பெருசுன்னு நினைச்சுட்டு இருந்தேன், அவரு அத கண்டுக்கவே இல்ல, என் மாமியாரோட கண் ஆபரேஷன் அன்னைக்கு நீ இருந்தா போதும்னாரு. கேக்காம இருந்திருந்தா எனக்கு தெரிஞ்சே இருக்காது.

அந்த பேப்பர கைல வச்சுட்டு எத்தன நாள் போகலாம்னு பாருங்க. அமெரிக்க அரசோட வாலண்டியர் திட்டமான பீஸ் கோர் 1961ல ஆரம்பிச்சது, அதுல வழக்கமான சேவைன்னா 27 மாசம், முதல் 3 மாசம் ட்ரெய்னிங், அது அமெரிக்க குடிமக்களுக்கு மட்டும் தான். ஐ.நா.வோட வாலண்டியர் திட்டம் 1970ல வந்தது, ஜெர்மனியில பான் நகரத்துல தலைமையகம், 18 வயசுல இருந்து எடுக்குறாங்க, வயசு ஆயிடுச்சேன்னு தயங்குறவங்க கவனிங்க, 35 வயசுக்கு மேல உள்ள அனுபவசாலிகளுக்குன்னே தனி பிரிவு இருக்கு. வீட்ட விட்டு நகர முடியாத நிலைமைனா அவங்களோட ஆன்லைன் வாலண்டியரிங் பாருங்க, வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல போகாது, அதிகபட்சம் 12 வாரம். கைக்குழந்தை இருக்குறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இத தான், இதுவும் வேலை தான், கம்மி இல்ல.

வேலைய தேடும்போது நமக்கு என்ன தெரியுமோ அத வச்சு தேடுங்க. நான் 19 வருஷம் கணக்கு எழுதுனவ, அங்கயும் ஒரு பெண்கள் சங்கத்துக்கு லெட்ஜர் எழுத சொல்லிக்குடுத்தேன், அவ்ளோதான். ஆனா நான் கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அவங்க 3 பேர் தனியா மாசக்கணக்க முடிச்சு, கூட்டல் சரியா வந்ததும் ஒரு அம்மா பென்சில மேசைல டப்புன்னு வச்சுட்டு என்ன பாத்தாங்க, அந்த சத்தம் எனக்கு போதும். அமைப்புகிட்ட கேக்க வேண்டியது: இந்த வேலைய எனக்கு முன்னாடி யாரு பண்ணாங்க, நான் போனப்புறம் யாரு பண்ணுவாங்க, நான் வர்றதால உள்ளூர்ல யாராவது சம்பளத்த இழக்குறாங்களா, நான் கட்டுற பணம் எங்க போகுது. இதுக்கு நேரா பதில் வரலைனா வேற இடம் பாருங்க.

ஒரு விஷயத்துல மட்டும் நான் பிடிவாதமா இருப்பேன். அனாதை இல்லத்துல குழந்தைகளோட விளையாடுற வாலண்டியரிங் வேண்டாம். அம்மாவா இருக்குறவங்களுக்கு முதல்ல மனசு போறதே அங்க தான்னு எனக்கு தெரியும், எனக்கும் போச்சு. ஆனா யோசிச்சு பாருங்க, நம்ம பிள்ள ஒரு டீச்சர் மாறுனாலே ரெண்டு நாள் முகம் வாடி கிடக்குது, அங்க இருக்குற குழந்தைக்கு 2 வாரத்துக்கு ஒருத்தங்க வந்து மடியில தூக்கி வச்சு கொஞ்சிட்டு காணாம போறாங்க, மறுபடி ஒருத்தங்க வர்றாங்க. அந்த மாதிரி இல்லங்கள்ல இருக்குற குழந்தைங்க நிறைய பேருக்கு பெத்தவங்க உயிரோட இருக்காங்க, வாலண்டியர் கூட்டமும் நன்கொடையும் வருதுன்னே குழந்தைகள வீட்ல இருந்து பிரிச்சு கொண்டு வர்றதும் நடக்குது. 2018ல ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தன சட்டம் கொண்டு வந்தப்போ இப்படி குழந்தைகள பிரிச்சு கொண்டு வர்றத அடிமைத்தனத்தோட ஒரு வடிவமாவே ஏத்துக்கிட்டாங்க, 2019ல ஐ.நா. பொதுச்சபையும் குழந்தைகள் உரிமை பத்தின தீர்மானத்துல இத பேசியிருக்கு. குழந்தைகளுக்கு உதவணும்னா அந்த குடும்பம் பிரியாம இருக்க உதவுற வேலையா பாருங்க.

விசா பத்தி நான் பட்டத சொல்லிட்டேன். டூரிஸ்ட் விசாவுல வாலண்டியர் வேலை செய்யக்கூடாதுன்னு பல நாட்டுல சட்டம் இருக்கு, சம்பளம் வாங்கலனாலும் சரி. எம்பஸி என்ன எழுதியிருக்கோ அத நீங்களே படிங்க, நடுவுல வீட்டுக்கு வர்ற பிளான் இருந்தா மல்டிபிள் என்ட்ரி தான்னு ஸ்டிக்கர்ல கண்ணால பாத்துட்டு அப்புறம் பிள்ளைகளுக்கு வாக்கு குடுங்க. பாஸ்போர்ட்ல 6 மாசத்துக்கு மேல வேலிடிட்டி இருக்கணும், நிறைய நாடுகள் கேப்பாங்க.

தடுப்பூசிய கடைசி வாரத்துக்கு தள்ளாதீங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் கழிச்சு தான் சர்டிபிகேட் செல்லும், ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும், 2016ல இருந்து அப்படித்தான். ஹெபடைடிஸ் ஏ ஊசியில ரெண்டாவது டோஸ் 6 மாசமாவது கழிச்சு வரும். மலேரியா மாத்திரை தான் நிறைய பேர் கோட்ட விடுற இடம், ஊருக்கு வந்துட்டோம்னு நிறுத்திடுவாங்க, டாக்சிசைக்ளின்னா அந்த இடத்த விட்டு வந்தப்புறமும் 4 வாரம் சாப்பிடணும். எந்த மாத்திரைன்னு டாக்டர் சொல்லட்டும், நீங்க எங்கெல்லாம் போறீங்கன்னு சரியா சொல்லுங்க. திரும்பி வந்து ஒரு வருஷத்துக்குள்ள காய்ச்சல் வந்தா "நான் இந்த நாட்டுல இருந்தேன்" ன்னு டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா சொல்லணும்.

வீட்டு ஏற்பாட்டுல பெருசெல்லாம் நம்ம பாத்துடுவோம், சின்னது தான் மாட்டும். பேங்க் ஓடிபி உங்க பழைய நம்பருக்கு தான் வரும், அந்த சிம் வெளிநாட்டுல மெசேஜ் வாங்குமான்னு முன்னாடியே கேட்டு வைங்க. ஸ்கூல்ல அவசரத்துக்கு கூப்பிடுற நம்பர்ல உங்க பேர எடுத்துட்டு வீட்ல இருக்குறவங்க பேர போட சொல்லுங்க. சொத்து, லோன் மாதிரி கையெழுத்து வேண்டிய விஷயம் வரும்னா வக்கீல்கிட்ட பவர் எழுதி வச்சுட்டு போங்க.

போன் பேசுறதுக்கு வாரத்துல ஒரு நாள், ஒரே நேரம்னு வச்சுக்கோங்க. தினமும் பேசுறேன்னு சொல்லி நெட் இல்லாத ஒரு நாள் பேசலனா வீடே பதறும். நேரக்கணக்க கவனிங்க, சில நாடுகள்ல கடிகாரத்தையே மாத்துவாங்க, ஐரோப்பாவுல மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஒரு மணி நேரம் தப்பா கணக்கு போட்டு என் பையன் பிறந்தநாள்ல அவன் ஸ்கூலுக்கு கிளம்புனப்புறம் கூப்பிட்டேன், அன்னைக்கு பூரா எனக்கு வேலையே ஓடல. பேசும்போது "எப்படிடா இருக்க" ன்னு கேட்டா "நல்லா இருக்கேன்" ன்னு முடிஞ்சுடும். இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்த, பஸ்ல சீட் கெடச்சுதா, அப்படி கேளுங்க, அவங்களே பேசுவாங்க.

நான் பண்ணதுல ரொம்ப உபயோகமா இருந்தது கவர். போறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தருக்கும் லெட்டர் எழுதி, ஒட்டி, மேல எப்போ திறக்கணும்னு எழுதி வச்சேன். ரிசல்ட் வர்ற அன்னைக்கு, பிறந்தநாள் அன்னைக்கு, தூக்கம் வராத அன்னைக்கு. "என் மேல கோவம் வர்ற அன்னைக்கு" ன்னு ஒண்ணு. என் பையன் அத நான் போன ரெண்டாவது நாளே பிரிச்சுட்டான். அந்த லெட்டர்ல நியாயம் எதுவும் எழுதல, கோவப்படு, எனக்கு போன் போட்டு கத்து, நான் கேப்பேன்னு தான் எழுதியிருந்தேன். நிஜமாவே போன் போட்டு கத்தினான், நான் கேட்டேன். அந்த மாதிரி ஒரு கவர் கண்டிப்பா எழுதுங்க. அறிவுரை மட்டும் வேண்டாம், ரெண்டு பக்கத்துக்கு மேலயும் போகாதீங்க.

திரும்பி வர்றத யாரும் சொல்லித்தர்றதில்ல. நீங்க இல்லாத வீடு நீங்க இல்லாம நடக்க கத்துக்கிட்டு இருக்கும், டப்பா எல்லாம் இடம் மாறியிருக்கும், சாவி வேற ஆணியில தொங்கும். முதல் ரெண்டு வாரம் எதையும் பழைய இடத்துக்கு மாத்தாதீங்க. உங்க கதைய சொல்றதுக்கு முன்னாடி அவங்க கதைய கேளுங்க, நீங்க இல்லாத அந்த நாள அவங்க வாயால முழுசா சொல்ல விடுங்க, அழுதா அழட்டும். என் பொண்ணு அந்த கவுன மறுபடி போட்டுக்கிட்டு வந்து நின்னா, எந்த வரிசைல உக்காந்தேன், பேர் கூப்பிட்டப்போ எப்படி நடந்தேன்னு ஹால்ல நடந்து காட்டினா, நான் சோபாவுல உக்காந்து கை தட்டினேன். போட்டோ 200 இருந்துச்சு, நாங்க ஒண்ணும் எடுத்து பாக்கல.

இன்னொன்னு. எங்க வீட்ல ரூம் கதவு நிலையில பசங்க உயரத்த வருஷா வருஷம் பிறந்தநாள்ல குறிப்போம், எல்லாமே என் கையெழுத்து. நான் இல்லாத வருஷம் என் பையனுக்கு அவங்க அப்பா குறிச்சிருக்காரு, கோடு கொஞ்சம் சாஞ்சு இருக்கு, தேதிய பெருசா போட்டு பக்கத்துல "அம்மா போன்ல இருந்தா" ன்னு எழுதியிருக்காரு. உங்க வீட்லயும் இப்படி நீங்க மட்டுமே செய்யுற ஒண்ணு இருக்கும். அத யார் செய்யணும்னு சொல்லி, பென்சில அவங்க கைல குடுத்துட்டு கிளம்புங்க.