பழைய செடான் சூடாகிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

எஸ்டீம், இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஆக்சென்ட், 2003 முதல் 2008 வரை வந்த ஹோண்டா சிட்டி போன்ற பெட்ரோல் செடான்களின் இன்ஜின்கள் லேசில் தேய்ந்துபோவதில்லை. அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் சூடுதான். இன்ஜின் பிளாக்கின் மேல் மூடிபோல் உட்காரும் அலுமினிய ஹெட் ஒரு தடவை நன்றாகச் சூடேறினாலே வளைந்துவிடும். அதன் பிறகு இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் நிற்காது.

டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் எப்போது ஏறுகிறது என்று கவனித்தாலே பாதிக் கோளாறு பிடிபடும். சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்று போதவில்லை: ஃபேன் சுற்றவில்லை, அல்லது ஏ.சி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசி அடைத்திருக்கிறது. ஹைவேயில் 80-ஐத் தாண்டினால் ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தில் குறை: உள்ளே உப்பு படிந்த ரேடியேட்டர், பாதி திறந்து சிக்கிய தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), இறக்கை அரித்த வாட்டர் பம்ப். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு குறைந்தால் இரண்டு இடத்திலும் ஏறும். அதனால் முதலில் அளவைப் பாருங்கள், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு. சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஃபேனைச் சோதிக்க ஏ.சி.யைப் போட்டாலே போதும். பெரும்பாலான வண்டிகளில் உடனே ஏதாவது ஒரு ஃபேன் சுற்ற வேண்டும். இரண்டு ஃபேன் உள்ள வண்டியில் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஏ.சி.க்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் மோட்டார் நல்லது. சென்சரையோ அதன் வயரையோ பாருங்கள். எதற்குமே சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பிறகு மோட்டார். மோட்டார் உடம்பை லேசாகத் தட்டியதும் சுற்றத் தொடங்கினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

வெறும் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிதான் அதிகம் பாடுபடும். உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படியும், துரு பம்ப் சீலை அரிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், நல்ல மூடியின் அழுத்தத்தில், 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், துருவையும் தடுக்கும். நிறத்தை நம்பி வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொதுவான தரம் எதுவும் கிடையாது. மேனுவலில் சொன்ன வகையையே வாங்குங்கள். வேறு வகைகளைக் கலந்தால் சில நேரம் கூழாகி அடைத்துக்கொள்ளும்.

மாற்றும் முறை இது. ஆறிய இன்ஜினில் ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி, ரேடியேட்டர் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைத் திறங்கள். பழைய பிளாஸ்டிக் பிளக் உடையும். புதிய பிளக்கும் ஓ-ரிங்கும் கையில் இருக்கட்டும். வடிந்ததும் மூடி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஃபேன் ஓடும்வரை இன்ஜினை ஓட விட்டு, ஆறவைத்து மறுபடி வடியுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை இதைச் செய்யுங்கள், மூன்று நான்கு தடவை ஆகலாம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். எவ்வளவு வடித்தாலும் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தண்ணீர் தங்கும். அதன் மேல் ரெடிமிக்ஸ், அதாவது ஏற்கெனவே தண்ணீர் கலந்து விற்கும் கூலன்ட், ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றால், கலக்காத கூலன்ட் 2.5 லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். வண்டியின் மூக்கை மேடான பக்கம் நிறுத்தி, மூடியைத் திறந்தபடியே ஐடிலில் விட்டு, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். இடையிடையே மேல் ஹோஸை அமுக்கினால் காற்றுக் குமிழிகள் வெளியேறும். மறுநாள் காலை அளவு கொஞ்சம் குறைந்திருக்கும், நிரப்புங்கள். வடித்த கூலன்ட் இனிக்கும் விஷம். நாயும் மாடும் குடித்துவிடும். மூடிய கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

ரேடியேட்டர் மூடி சின்னச் சாமான், ஆனால் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். ரப்பர் காய்ந்திருந்தாலோ, இன்ஜின் ஆறியதும் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொண்டாலோ மாற்றுங்கள். மூடியின் மேல் அழுத்த அளவு 0.9 என்று இருந்தால் 0.9 தான் போட வேண்டும், 1.1 போட்டால் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டாங்க் பிளந்துவிடலாம்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு, கழட்டிடுங்க" என்ற யோசனையை ஏற்காதீர்கள். இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே இருந்தால் ஈ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும், மைலேஜ் விழும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். சந்தேகம் இருந்தால் கழற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் 82 என்று பொறித்திருந்தால் அந்த வெப்பத்தை ஒட்டித் திறக்கத் தொடங்கி, கொதிப்பதற்குள் முழுக்கத் திறக்க வேண்டும். திரும்பப் போடும்போது காற்று போகும் சின்ன ஓட்டை மேல் பக்கம் வரட்டும்.

வாட்டர் பம்பில் அடியில் ஒரு கசிவுத் துளை உண்டு. அங்கே கூலன்ட் காய்ந்த கறை தெரிந்தால் சீல் போய்விட்டது, பம்பை மாற்றத்தான் வேண்டும். பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடும் வண்டியாக இருந்தால் பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் அதே வேலையில் மாற்றுங்கள், கூலி ஒன்றுதான்.

நடுவழியில் முள் சிவப்புக்குப் போனால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் புளோயரோடு போட்டு, ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது. முக்கால் மணி நேரம் கழித்து நிரப்பிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் வாயில் குமிழி விடாமல் வந்தாலோ, ஆயில் ஸ்டிக்கில் பால் நிறம் தெரிந்தாலோ ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் டோ செய்யுங்கள்.