அச்சத்தில் வாழ்ந்தவர்களைப் பற்றிய குறும்படம்: பேசியவரைக் காட்டிக்கொடுக்காமல் எடுப்பது எப்படி?

நெருக்கடி நிலைக் காலத்துச் சென்னையில் ஒரு சாதாரணக் குடும்பம் எப்படிப் பயந்து வாழ்ந்தது என்பதைப் பத்து நிமிடப் படமாக எடுக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். கேமராவைக் கையாளும் முறைக்கு யூடியூபில் வேண்டிய அளவு காணொளிகள் இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் தேதிகளைச் சரிபாருங்கள். நெருக்கடி நிலை 1975 ஜூன் 25 அன்று அறிவிக்கப்பட்டாலும், அதை எதிர்த்த தி.மு.க. இங்கே ஆட்சியில் இருந்ததால், 1976 ஜனவரி 31 அன்று அந்த ஆட்சி கலைக்கப்பட்ட பிறகே அக்கட்சியினர் பெருமளவில் கைதானார்கள். 1975 தீபாவளியன்று, விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் பிடிபடும் தி.மு.க. தொண்டரைக் காட்டினால், அக்காலத்தை அறிந்த பெரியவர்கள் அத்துடன் படத்தை நம்புவதை விட்டுவிடுவார்கள்.

சென்ட்ரல் அருகே இருந்த மத்தியச் சிறையும் இன்று இல்லை. கைதிகளைப் புழலுக்கு மாற்றிவிட்டு அதை இடித்துவிட்டார்கள். சிறைக்கு செட் போடும் செலவை மிச்சப்படுத்திக் கதையை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டதும் மண்ணெண்ணெய் அடுப்பின் திரியை இறக்கிவிட்டு, கணவனின் கரை வேட்டியை அரிசி டிரம்முக்குள் திணிக்கும் பெண்ணின் கைகள், எந்த லத்தி அடியைவிடவும் அதிகம் சொல்லும்.

இத்தகைய விவரங்கள் பெரியவர்களிடம் பேசினால்தான் கிடைக்கும். "நெருக்கடி நிலை எப்படி இருந்தது?" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும்; "அன்றைக்கு ராத்திரி கதவை யாருங்க திறந்தாங்க?" என்று கேளுங்கள்.

இனி எல்லோரும் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. இப்போது மிரட்டலுக்கு ஆளாகியிருப்பவரைப் பற்றிய படம் என்றால் சொல்லவே வேண்டாம். பின்னால் விளக்கு வைத்து முகத்தை இருட்டாக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மூலக்கோப்பை டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் போட்டு நிழற்பகுதியின் வெளிச்சத்தைக் கூட்டினால், பல நேரங்களில் மூக்கும் முழியும் வெளியே வந்துவிடும். ஆகவே முகத்தைப் பதிவே செய்யாதீர்கள். கையை மட்டும் படம்பிடித்தாலும் மோதிரமும் பச்சைகுத்தலும் தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

குரலில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சுருதியை இறக்கினால், அதே அளவு திரும்ப ஏற்றி ஏறக்குறைய பழைய குரலை எவரும் மீட்டுவிடலாம். பேச்சு வழக்கும் இருமலும் எப்படியும் மாறாது. என் நிலைப்பாடு எப்போதும் இதுதான்: பேசியதை எழுத்தில் பெயர்த்து, ஆளை அடையாளம் காட்டும் சொற்களை நீக்கி, அதே வயதுள்ள வேறொருவரைப் படிக்கவைத்து, குரல் மாற்றப்பட்டிருப்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். உண்மைத்தன்மை போய்விடும் என்று சொல்வார்கள்; போகட்டும், பேசியவர் அந்தத் தெருவில்தான் தொடர்ந்து குடியிருக்க வேண்டும். மூலக்குரலைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்றால் பின்னணியையாவது கவனியுங்கள். ஜன்னல் வழியே விழும் மின்சார ரயில் அறிவிப்பு ஒன்றே அவர் மாம்பலத்துக்காரர் என்று சொல்லிவிடும்.

தொகுத்த படத்தை வெளியிடும் முன் அவருக்குப் போட்டுக்காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் காட்சியைப் பேரம் பேசாமல் வெட்டிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: கைபேசியில் எடுத்த காட்சிகளைத் தொகுப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பில் பதிந்துள்ள இடக்குறிப்பும் சேர்ந்தே போகும். எனவே படப்பிடிப்புக்கு முன்பே கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிட்டு, காட்சிகளைப் பென்டிரைவில் நேரில் கொடுங்கள்.