சாவி கைக்கு வந்தாலும் வண்டி உங்களுடையது அல்ல: வெளிநாட்டில் மோட்டார் சைக்கிள் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்கோ படிப்புக்கோ வேறொரு நாட்டுக்குப் போய்ச் சில மாதங்கள் ஆனதும், ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும் என்ற எண்ணம் வரும். அதே நேரத்தில் நம்மைப் போல அங்கே வந்து தங்கியிருந்த இன்னொருவர் ஊர் திரும்பப் போகிறார். அவருடைய வண்டி நல்ல நிலையில் இருக்கிறது, விலையும் குறைவு. பணம் கைமாறுகிறது, சாவி நம் கைக்கு வருகிறது. “பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதற்கு ஒன்றும் அவசரம் இல்லை” என்கிறார் விற்பவர். வெளிநாட்டவர் வண்டி வாங்கும்போது நடக்கும் தவறுகளில் இதைவிடப் பெரியது இல்லை என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளியது. உரிமை மாற்றத்துக்குப் பழைய உரிமையாளரின் கையெழுத்தோ, அடையாள அட்டையின் நகலோ, சில நாடுகளில் அவர் நேரில் வருவதோ தேவைப்படும். உள்ளூர்க்காரர் விற்றிருந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். நாடு திரும்பியவரை எங்கே போய்த் தேடுவது? அவருடைய விசா முடிந்திருக்கும், அந்த நாட்டில் இருந்த முகவரியும் தொலைபேசி எண்ணும் செல்லாமல் போயிருக்கும். அவரே இன்னொருவரிடம் பெயர் மாற்றாமல் வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆவணத்தில் உள்ளவர் யாரென்று உங்களுக்கும் தெரியாது, உங்களுக்கு விற்றவருக்கும் தெரியாது. வெளிநாட்டவர் கூட்டமாக வாழும் நகரங்களில் இப்படி நான்கைந்து கை மாறிய வண்டிகள் ஏராளமாக ஓடுகின்றன. ஓடும் வரைக்கும் சிக்கல் தெரியாது. திருட்டுப் போனாலோ, விபத்து நேர்ந்தாலோ, போலீஸ் நிறுத்திக் கேட்டாலோதான் அந்த வண்டிக்கும் உங்களுக்கும் சட்டப்படி எந்தத் தொடர்பும் இல்லை என்பது வெளிச்சத்துக்கு வரும்.

தாய்லாந்தில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. விற்பவர் மாற்றப் படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பகுதியை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். “மிதக்கும் மாற்றம்” என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. அமெரிக்காவிலும் உரிமைப் பத்திரத்தின் பின்புறம் கையெழுத்திட்டு, வாங்குபவர் பெயரை எழுதாமல் விடுவார்கள். அப்படி விடப்பட்ட பத்திரத்தோடு வண்டியை இன்னொருவருக்கு விற்பது அங்கே சட்டவிரோதம். அந்தப் பத்திரத்தில் எழுத்தை அடித்துத் திருத்தினாலே பல மாநிலங்களில் ஏற்க மாட்டார்கள். ஆகவே வெற்றுக் கையெழுத்தை நம்பி முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். விற்பவரோடு பதிவு அலுவலகத்துக்கே சென்று, மாற்றம் பதிவான பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

இதற்கு இணையான இன்னொரு தவறு, “என் பெயரில் பதிவு செய்துகொள்வோம்” என்று உள்ளூர் நண்பர் சொல்வதை ஏற்பது. அவர் உதவும் எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் நீங்கள் செலுத்தாத அபராதம் அவர் முகவரிக்குப் போகும். நீங்கள் மோதினால் காப்பீட்டு நிறுவனம் அவரைக் கேள்வி கேட்கும். நட்பில் விரிசல் விழுந்தால் வண்டி சட்டப்படி அவருடையது. உங்கள் பெயரில் பதிவு செய்ய என்ன தேவை என்று விசாரித்தால், பெரும்பாலும் அது ஒரு முகவரிச் சான்றில் வந்து நிற்கும். தாய்லாந்தில் குடிவரவு அலுவலகம் தரும் இருப்பிடச் சான்று அல்லது வேலை அனுமதி, ஜப்பானில் நகராட்சி தரும் குடியிருப்புச் சான்று, ஜெர்மனியில் முகவரிப் பதிவு. வண்டியைத் தேடத் தொடங்கும் முன்பே இதைக் கையில் வைத்திருந்தால் யார் பெயரையும் கடன் வாங்க வேண்டியதில்லை.

பெயரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்குக் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும், குடியிருப்பு அட்டையில் வேறு விதமாகவும், ஓட்டுநர் உரிமத்தில் மூன்றாவது விதமாகவும் பெயர் அச்சாகியிருப்பது உண்டு. பதிவு அலுவலகத்தில் எந்த வடிவத்தில் எழுதுகிறார்களோ அதுதான் காப்பீட்டிலும் இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் உள்ளபடி ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். பிறகு திருத்தப் போனால் மறுபடியும் எல்லாச் சான்றும் கேட்பார்கள்.

அடுத்தது ஓட்டுநர் உரிமம். வண்டியை வாங்கிய பிறகு இதைப் பற்றி யோசிப்பவர்களே அதிகம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கையில் இருந்தால் எல்லாம் சரி என்று நினைப்பது தவறு. அது சொந்த நாட்டு உரிமத்தின் மொழிபெயர்ப்பைப் போன்றது. அதில் மோட்டார் சைக்கிளுக்கான ‘ஏ’ பிரிவில் முத்திரை இல்லையென்றால், கார் ஓட்டத் தகுதி இருந்தாலும் பைக் ஓட்டும் தகுதி உங்களுக்கு இல்லை. இதற்கு இரண்டு உடன்படிக்கைகள் இருப்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அனுமதி ஓராண்டு செல்லும். 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது அதிகபட்சம் மூன்றாண்டு செல்லும். ஜப்பான் முன்னதை மட்டுமே ஏற்கிறது. வியட்நாம் 2014இல் பின்னதில் சேர்ந்தது, 1949 வடிவத்தை ஏற்பதில்லை. இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒரே மாதிரிச் சிறுபுத்தகங்கள்தான். அட்டையில் எந்த ஆண்டு அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

இதைவிட முக்கியமானது, இந்த ஏற்பாடு முழுவதும் வந்துபோகும் பயணிகளுக்கானது. குடிபெயர்ந்து வசிப்பவரின் அயல்நாட்டு உரிமத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று வியன்னா உடன்படிக்கையே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்ற உரிமத்தை வைத்து, ஜெர்மனியில் குடியேறியவர் பொதுவாக 6 மாதங்கள்தான் ஓட்டலாம். பிரிட்டனில் 12 மாதங்கள். அதற்குள் உள்ளூர் உரிமத்துக்கு மாறியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நம்புவதும் ஆபத்து. ஜப்பானில், வெளியே 3 மாதங்களுக்குக் குறைவாக இருந்துவிட்டுத் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்காது.

எஞ்சின் அளவும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு நாட்டில் எந்த பைக்கையும் ஓட்ட அனுமதிக்கும் உரிமம் இன்னொரு நாட்டில் சிறிய வண்டிக்கு மட்டும் பொருந்தலாம். ஐரோப்பாவில் ஏ1 பிரிவு 125 சிசி, 11 கிலோவாட் வரை. ஏ2 பிரிவு 35 கிலோவாட் வரை. சிங்கப்பூரில் 2பி பிரிவு 200 சிசி வரை, 2ஏ பிரிவு 400 சிசி வரை. ஜப்பானில் இந்த அளவு பதிவு அலுவலகத்தையே மாற்றிவிடும். 125 சிசி வரையுள்ள வண்டியை நகராட்சியிலேயே பதிவு செய்யலாம். 250 சிசிக்கு மேல் போனால் வண்டிக்குக் கட்டாயத் தகுதிப் பரிசோதனை வந்துவிடும். 250 சிசிக்கு ஒரு பொட்டு மேலே இருக்கும் வண்டியை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, பரிசோதனைச் செலவைப் பார்த்துத் திகைப்பதைவிட, முதலில் உரிமத்தை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இனி காகிதங்களைப் படிக்கும் விஷயம். பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்ணையும் நேரில் ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அது ஹேண்டிலுக்குக் கீழே, முன்புறச் சட்டகத்தின் கழுத்தில் இருக்கும். உலக அளவில் பொதுவான எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ வராது. வந்திருந்தால் யாரோ தவறாக எழுதியிருக்கிறார்கள், அல்லது வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான வண்டிகளில் மட்டும் எண் குறுகியதாக இருக்கும். பொறித்த இடத்தில் உரசல், புதுப் பெயின்ட், ஏறுமாறான எழுத்து வரிசை தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

காகிதம் இருப்பதாலேயே உரிமை உறுதியாகிவிடாது. பிரிட்டனில் வி5சி எனப்படும் பதிவுச் சான்றில், வண்டியைப் பதிவில் வைத்திருப்பவர் யார் என்பது மட்டுமே இருக்கும். அது உரிமைச் சான்று அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். வண்டி தவணைக் கடனில் இருக்கலாம். ஜெர்மனியில் கடன் தீரும்வரை பதிவுச் சான்றின் இரண்டாம் பாகத்தை வங்கி தன்னிடமே வைத்துக்கொள்ளும். தாய்லாந்தில் தவணை முடியும்வரை பச்சைப் புத்தகம் எனப்படும் பதிவுப் புத்தகம் நிதி நிறுவனத்திடம் இருக்கும். “அசல் வேறிடத்தில் இருக்கிறது, நகல் போதும்” என்று விற்பவர் சொன்னால், அந்த வேறிடம் எது என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் விஷயம் முடிந்தது.

மொழி தெரியாத ஆவணத்தில் கையெழுத்திடும்போது, விற்பவரே மொழிபெயர்த்துச் சொல்வதை நம்பாதீர்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

காப்பீட்டில் நேரும் தவறு பணத்தோடு நிற்பதில்லை, அதனால்தான் இதைப் பற்றிக் கவலையோடு எழுதுகிறேன். கட்டாயக் காப்பீடு கட்டியாகிவிட்டது என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஜப்பானிலும் தாய்லாந்திலும் கட்டாயக் காப்பீடு உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே. நீங்கள் இடித்த காரின் சேதம் அதில் வராது. தனியாக விருப்பக் காப்பீடு எடுக்க வேண்டும். அதையும் எடுத்து, ஓட்டும் உரிமம் அந்த வண்டியின் பிரிவுக்குச் செல்லாததாக இருந்தால், இழப்பீடு மறுக்கப்படலாம். உங்கள் மருத்துவக் காப்பீட்டிலும் மோட்டார் சைக்கிள் விபத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பயணக் காப்பீடுகளில் பல, செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டியபோது நேர்ந்த காயத்துக்குப் பணம் தருவதில்லை. எலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்திருக்கும்போது இதைத் தெரிந்துகொள்ளும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

வண்டியின் உடல்நிலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் போகும் முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு, தொட்டுப் பார்த்து, குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லுங்கள். மாற்றிய சைலன்சர் போட்டிருந்தால் தகுதிப் பரிசோதனையில் தேறாமல் போகலாம். பழைய சைலன்சரையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, நீங்கள் ஊர் திரும்பும் நாள். பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினால், உங்களிடம் விற்றவர் செய்த அதே தவறை நீங்கள் இன்னொருவருக்குச் செய்கிறீர்கள். அபராதமும் வரியும் உங்கள் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். ஜப்பானில் ஏப்ரல் 1ஆம் தேதி யார் பெயரில் வண்டி இருக்கிறதோ அவருக்கே அந்த ஆண்டின் வரி. ஜெர்மனியில் பதிவை நீக்கும்வரை வரி தொடரும். அதனால் பயணத் தேதிக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே வாங்குபவரை முடிவு செய்து, அவரோடு பதிவு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். யாரும் வாங்கவில்லையென்றால் பதிவை நீக்கி, அதற்கான ரசீதை ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.