கொலஸ்ட்ரால் குறைய தட்டில் எதை முதலில் மாற்றுவது?

ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று வந்துவிட்டால், நம் வீடுகளில் முதலில் நிறுத்துவது முட்டையையும் இறாலையும்தான். பாவம், அவற்றின் பங்கு சிறியது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடம்பே தயாரிக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு அதிகம் உள்ளே போனால், ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வேலையில் கல்லீரல் மந்தமாகிவிடும். ஆகவே கைவைக்க வேண்டியது தேங்காய்ப்பால், நெய், பாமாயில், ஆட்டுக்கொழுப்பு ஆகியவற்றில்.

படி 1: அறிக்கையில் எல்டிஎல்லைப் பாருங்கள்

மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். இங்கே சிங்கப்பூரில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று கணக்கு. இந்தியாவில் எடுத்த அறிக்கையில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருந்தால் 38.67ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், 130 என்பது இங்கே சுமார் 3.4. (டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்புக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.) நீரிழிவோ இதயநோயோ இருப்பவர்களுக்கு இலக்கு இன்னும் கீழே இருக்கும், அதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். இன்னும் பரிசோதனையே செய்யாதவர்கள், 40 வயதைத் தாண்டியிருந்தால், சிங்கப்பூர் அரசின் ‘மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி’ திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம்.

படி 2: கடையில் சொல்லும் ஆர்டரை மாற்றுங்கள்

வெளியில் சாப்பிடுவதுதான் இங்கே வழக்கம். அதனால் சமையலறையைவிட உணவங்காடியில்தான் அதிகம் மாற்ற முடியும்.

பானத்திலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபம். ‘தே’ என்று தேநீர் கேட்டால் கண்டென்ஸ்ட் மில்க். ‘தே சி’ என்றால் எவாப்பரேட்டட் மில்க், கூடவே சீனி. ‘தே ஓ கோசோங்’ என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. ஒரேயடியாக அங்கே தாவ முடியாதவர்கள் முதலில் ‘தே சி கோசோங்’ குடித்துப் பார்க்கலாம். பாட்டில் பானங்களில் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள் (A நல்லது, D மோசம்). அந்தத் தரம் சீனியையும் நிறைவுற்ற கொழுப்பையும் சேர்த்துப் பார்த்தே கொடுக்கப்படுகிறது.

அப்புறம் காலை உணவு. பரோட்டாவுக்குப் பதில் தோசை, ஆனால் சாம்பாரோடு. நெய் தோசை வாங்கித் தேங்காய்ச் சட்னியை இரண்டு முறை கேட்டு வாங்கினால் மாற்றியதில் அர்த்தமில்லை. பரோட்டாவை விடவே முடியாதா? சரி, வாரம் ஒருநாள், ஒன்று மட்டும், ஆட்டுக்கறிக் குழம்புக்குப் பதில் பருப்போடு. மதியத்துக்கு லக்சா, நாசி லெமாக் இரண்டிலும் தேங்காய்ப்பால் உண்டு. பொரிக்காத பண்டங்களாக எடுத்து, சூப்போடு வாங்கும் யோங் தவ் ஃபூ நல்ல மாற்று. மீன் சூப் வாங்கினால் பால் ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 3: எடுத்த இடத்தில் வேறொன்றை வையுங்கள்

குறைப்பதோடு நின்றால் பசிக்கும், பத்து நாளில் பழைய பாதைக்கே திரும்பிவிடுவோம். கரையும் நார்ச்சத்து இங்கே கைகொடுக்கும். அது குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோகும். புதிய பித்த அமிலம் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டுமே, அதை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் நாளுக்கு 3 கிராம் கிடைத்தால் பலன் தெரியும். அதற்குச் சுமார் 75 கிராம் உலர்ந்த ஓட்ஸ் வேண்டும். கஞ்சி பிடிக்காதவர்கள் ஓட்ஸை அரைத்துத் தோசை மாவில் கலக்கலாம். பார்லி, கொண்டைக்கடலைச் சுண்டல், வெண்டைக்காய் எல்லாம் இதே வகைதான், தேக்கா சந்தையில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். தாளிக்க நெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் பதில் நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய், அதுவும் கரண்டியால் அளந்து.

படி 4: நடங்கள்

வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம். வெயிலுக்குப் பயந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பூங்கா இணைப்புப் பாதையில் போகலாம். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது போதும். நடை டிரைகிளிசரைடைக் குறைக்கும், ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல்லைக் கொஞ்சம் கூட்டும். எல்டிஎல்லை அதிகம் அசைக்காது. “தினமும் நடக்கிறேனே, பிறகென்ன” என்று பரோட்டாவுக்குப் போகாதீர்கள்.

படி 5: மூன்று மாதத்தில் மறுபரிசோதனை

மருந்து சாப்பிடுபவர்கள் எண் இறங்கியதைப் பார்த்துத் தாங்களாக நிறுத்தக்கூடாது. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் எல்டிஎல் இறங்கவில்லை என்றாலோ, குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ராலுக்கு உணவு மட்டும் போதாது. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எண் ஏறும், அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.